கல்லூரியில் பாலியல் தொல்லை: முதல் வரி எழுதுவதிலிருந்து கடைசி உத்தரவு வரை, பாலக்காட்டு எல்லைக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வேலந்தாவளத்தில் பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒரு சாயங்காலம், ஒரு பெண் நாலாக மடித்த தாள் ஒன்றை என் கையில் கொடுத்தாள். லேப் ரெக்கார்டிலிருந்து கிழித்தது. கோடு போட்ட பக்கத்தில் ஒரே வரி எழுதியிருந்தாள்: "சார் எங்கிட்ட தப்பா நடந்துக்கிட்டார்." எந்த சார், என்றைக்கு, எங்கே, என்ன செய்தார், எதுவும் இல்லை. "இதக் குடுத்தாப் போதுமாக்கா?" என்று கேட்டாள்.

போதாது என்று சட்டென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த ஒரு வரியை எழுதவே அவளுக்குப் பதினோரு நாள் ஆகியிருந்தது.

என் வீடு கொழிஞ்சாம்பாறைப் பக்கம். கல்லூரிகளில் பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்கும் உள்ளகப் புகார்க் குழுவில் வெளி உறுப்பினராகச் சில வருஷம் இருந்திருக்கிறேன், எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். அங்கே நான் பார்த்தது இது: உண்மையான புகார்கள்கூட விழுந்துபோகின்றன. தேதி தாண்டிப்போகிறது, அல்லது எழுத்தில் ஒன்றும் பிடிபடுவதில்லை, அல்லது "இது எங்க ஸ்டேட் இல்லம்மா" என்று யாரோ சொன்னதை நம்பிப் பெண்ணும் பெற்றோரும் திரும்பிவிடுகிறார்கள். சித்தூர் தாலுகாவிலிருந்து நம் பெண்கள் கோயம்புத்தூருக்குப் படிக்கப் போகிறார்கள். பொள்ளாச்சி, உடுமலைப் பெண்கள் பாலக்காட்டுக்கும் திருச்சூருக்கும் வருகிறார்கள். சம்பவம் ஒரு மாநிலத்தில், வீடு இன்னொரு மாநிலத்தில். ஆனால் சட்டம் இரண்டு பக்கமும் ஒன்றுதான். 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டமும், பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு ஒழுங்குமுறை விதிகளும் வாளையாரைத் தாண்டினால் மாறிவிடுவதில்லை. (இதில் வரும் பெண்களை யாரும் அடையாளம் காணாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

முதல் படி: அன்று இரவே எழுதுங்கள்

யாரிடம் சொல்வது என்று முடிவெடுக்க நாளாகலாம். புகார் கொடுப்பதா வேண்டாமா என்பதற்கும் நாளாகலாம். எழுதி வைப்பதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். ஒரு நோட்டில், பேனாவால், தேதி போட்டு. என்ன நடந்தது, எத்தனை மணி, எந்த அறை, கதவு திறந்திருந்ததா, பக்கத்தில் யார் இருந்தார்கள், அவர் சொன்ன வார்த்தை என்ன, நீங்கள் என்ன சொன்னீர்கள், அதற்குப் பிறகு யாரிடம் முதலில் சொன்னீர்கள். அவர் பேசியது மலையாளத்தில் என்றால் மலையாளத்திலேயே, தமிழ் எழுத்தில் எழுதிவையுங்கள். மொழிபெயர்க்க வேண்டாம்.

பயந்துபோன மனசு வரிசையை மறக்கும். மூன்று மாதம் கழித்து "அது செவ்வாய்க்கிழமையா வியாழக்கிழமையா" என்று கேட்டால் யாருக்கும் தடுமாறும். அந்தத் தடுமாற்றத்தை எதிர்த்தரப்பு பொய் என்று காட்டப் பார்க்கும். அன்றிரவு எழுதிய தாள் அப்போது உங்கள் பக்கம் நிற்கும்.

நெருங்கிய தோழிக்கு "இன்னிக்கு இப்படி நடந்துச்சு" என்று ஒரு மெசேஜ் அனுப்பியிருந்தால் அதுவும் ஆதாரம்தான். நேரில் பார்த்த சாட்சி இல்லாத வழக்குகளில், சம்பவம் முடிந்த கையோடு யாரிடம் சொன்னீர்கள் என்பதைக் குழு கவனமாகப் பார்க்கும்.

கைவசம் இருப்பதைப் பத்திரப்படுத்துங்கள்

கோபத்தில் எல்லாரும் முதலில் செய்வது, அந்த நம்பரை பிளாக் செய்து மொத்த சாட்டையும் அழிப்பது. பிளாக் செய்யலாம், அழிக்க வேண்டாம். ஸ்கிரீன்ஷாட் எடுக்கும்போது பெயர் மட்டும் தெரிந்தால் போதாது, நம்பரும் தேதியும் நேரமும் தெரிய வேண்டும். வாட்ஸாப்பில் மெசேஜ் தானாக அழிகிற ஏற்பாடு இருந்தால் உடனே படம் எடுத்துவிடுங்கள். சாட்டை எக்ஸ்போர்ட் செய்து உங்கள் மெயிலுக்கே அனுப்பி வையுங்கள். போனை மாற்றினாலும் பழைய போனை விற்காதீர்கள். கோர்ட்டுக்குப் போனால் மூலக் கருவியைக் கேட்பார்கள்.

சிசிடிவி பதிவு சில வாரங்களிலேயே மேலெழுதி அழிந்துவிடும். ஆகவே முழுப் புகார் தயாராகும் வரை காத்திருக்காமல், "இன்ன தேதி, இன்ன நேரம், இன்ன வராந்தாவின் கேமராப் பதிவை அழிக்காமல் பாதுகாத்து வைக்க வேண்டும்" என்று ஒரே ஒரு பத்தி மெயில் முதல்வருக்கும் குழுத் தலைவருக்கும் அன்றே அனுப்புங்கள். காரணம் விளக்க வேண்டியதில்லை.

பஸ் டிக்கெட், ஹாஸ்டல் வெளியேறும் நோட்டில் போட்ட கையெழுத்து, வருகைப் பதிவு, ஜிபேயில் கேண்டீனுக்குக் கட்டிய பத்து ரூபாய் எல்லாம் நீங்கள் அந்த நேரத்தில் அந்த இடத்தில் இருந்ததைச் சொல்லும். ஒரு புகாரில் கே.எஸ்.ஆர்.டி.சி. பஸ் டிக்கெட் ஒன்றுதான் நேரத்தை உறுதிப்படுத்தியது. அதில் மணி அச்சாகியிருந்தது.

பலாத்காரம் நடந்திருந்தால், முதலில் ஆஸ்பத்திரி

இங்கே வரிசை மாறும். கடிதம், குழு எல்லாம் பிறகு. குளிக்காமல், உடை மாற்றாமல் போவது நல்லது. மாற்றிவிட்டால் அந்தத் துணியைப் பிளாஸ்டிக் கவரில் போடாமல் காகித உறையிலோ செய்தித்தாளிலோ சுற்றி எடுத்துப் போங்கள். குளித்துவிட்டேனே என்று போகாமல் இருந்துவிடவும் வேண்டாம். அப்போதும் சோதனைக்கு அர்த்தம் உண்டு.

பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 397ஆம் பிரிவுப்படி அரசு ஆஸ்பத்திரியோ தனியார் ஆஸ்பத்திரியோ, இலவசமாக உடனே சிகிச்சை தர வேண்டும். "எஃப்.ஐ.ஆர். கொண்டு வா" என்று திருப்பி அனுப்ப முடியாது. கர்ப்பத் தடை மாத்திரையும் எச்.ஐ.வி. தடுப்பு மருந்தும் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டியவை, வாய்விட்டுக் கேளுங்கள். இரு விரல் சோதனையை உச்ச நீதிமன்றம் 2022இல் கண்டித்து நிறுத்தச் சொல்லிவிட்டது. யாராவது செய்ய வந்தால் மறுக்கலாம். ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒன் ஸ்டாப் சென்டர் உண்டு, கேரளத்தில் 'சகி' என்பார்கள். தங்க இடம், வக்கீல், கவுன்சிலிங் ஆகியவற்றை ஒரே கூரையின் கீழ் தருவதுதான் அதன் வேலை. இரண்டு மாநிலத்திலும் 181ஐ அழைத்தால் வழி சொல்வார்கள். உடனடி ஆபத்து என்றால் 112.

எந்தக் கதவைத் தட்டுவது

கல்லூரிக்குள் ஒரு கதவு, போலீஸ் ஒரு கதவு. ஒன்றைத் தட்டினால் மற்றது மூடிக்கொள்ளாது. இரண்டையும் ஒரே நாளில்கூடத் தட்டலாம். "போலீசுக்குப் போனால் நாங்க விசாரிக்க முடியாது" என்று சொல்லும் நிர்வாகம் சட்டத்தைத் தெரியாமல் சொல்கிறது, அல்லது தெரிந்தே சொல்கிறது.

கல்லூரிக்குள் இருப்பது உள்ளகப் புகார்க் குழு, பலரும் ஐ.சி.சி. என்பார்கள். அதன் உறுப்பினர் பட்டியலை வெப்சைட்டிலும் நோட்டீஸ் போர்டிலும் போட்டிருக்க வேண்டும். பட்டியலை எடுத்துச் சரிபாருங்கள். தலைமை அலுவலர் மூத்த பெண் ஆசிரியராக இருக்க வேண்டும்: பல்கலைக்கழகம் என்றால் பேராசிரியர் நிலைக்குக் குறையாமல், கல்லூரி என்றால் இணைப் பேராசிரியர் நிலைக்குக் குறையாமல். இரண்டு ஆசிரியர்கள், இரண்டு ஆசிரியரல்லாத ஊழியர்கள், வெளியிலிருந்து ஒரு தன்னார்வ அமைப்புப் பிரதிநிதி. விஷயம் மாணவரைச் சார்ந்தது என்றால் தேர்ந்தெடுக்கப்பட்ட மூன்று மாணவர்கள். மொத்தத்தில் பாதிப் பேராவது பெண்கள். துணைவேந்தர், பதிவாளர், டீன், துறைத்தலைவர் ஆகியோர் இதில் உட்காரவே கூடாது. உட்கார்ந்திருந்தால் அதை எழுத்தில் சுட்டிக்காட்டுங்கள். மாணவர்களைப் பொறுத்தவரை இந்த விதிகள் பெண்களுக்கு மட்டும் என்று இல்லை, ஆண் மாணவர்களும் மூன்றாம் பாலின மாணவர்களும் இந்தக் கதவைத் தட்டலாம்.

'வளாகம்' என்ற சொல் மதில் சுவரோடு முடிவதில்லை. கல்லூரி பஸ், களப்பயணம், இன்டர்ன்ஷிப், சுற்றுலா, என்.எஸ்.எஸ். முகாம், விளையாட்டுப் போட்டி, கலைவிழா எல்லாம் அதில் சேரும். மூணாறுக்குப் போன டூரில் நடந்தது என்றாலும் உங்கள் கல்லூரிக் குழுதான் கேட்க வேண்டும். தொல்லை கொடுத்தவர் கல்லூரிக்கு வெளியாள் என்றாலும் விதிகள் கைவிடவில்லை. புகார் முதல்வர் மீதே என்றால், மாவட்ட ஆட்சியர் வழி அமைக்கப்படும் உள்ளூர்ப் புகார்க் குழுவுக்குப் போக வேண்டும். கல்லூரி இருக்கும் மாவட்டம்தான் கணக்கு.

இனி போலீஸ். எல்லைக்காரர்கள் மனப்பாடமாகத் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு விஷயம் இங்கே இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம் என்கிறது. இதைத்தான் ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்கிறார்கள். பாலக்காட்டில் நடந்ததற்குப் பொள்ளாச்சி மகளிர் காவல் நிலையத்தில் கொடுக்கலாம், கோவையில் நடந்ததற்குக் கொழிஞ்சாம்பாறையில் கொடுக்கலாம். அவர்கள் பதிந்து, உரிய நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். "கோபாலபுரம் தாண்டிப் போய்க் குடுங்க" என்று சொன்னால், "ஜீரோ எஃப்.ஐ.ஆர். போட்டு நீங்களே அனுப்புங்க சார்" என்று சொல்லுங்கள். நான் கூடப் போன ஒரு நாளில், ரைட்டர் பேனாவை மூடி வைத்துவிட்டார். பெண்ணின் அப்பா அந்த ஒரு வாக்கியத்தைக் குரல் உயர்த்தாமல் மூன்று தடவை சொன்னார். மூன்றாவது தடவைக்குப் பிறகு பேனா திறந்தது.

தமிழ்நாட்டில் சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்து அனுப்பும் வழக்கம் உண்டு. அது மனு வந்தது என்பதற்கான சீட்டுத்தான், எஃப்.ஐ.ஆர். அல்ல. எஃப்.ஐ.ஆர். நகல் இலவசமாகக் கிடைக்க வேண்டும். ஆன்லைனில் புகார் அனுப்பினால் மூன்று நாளைக்குள் போய்க் கையெழுத்திட வேண்டும். பதிய மறுத்தால் அதே புகாரைத் தபாலில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்புங்கள், அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட். பெண்ணின் வாக்குமூலத்தைப் பெண் அதிகாரிதான் எழுத வேண்டும்.

பிரிவுகளை நீங்கள் எழுத வேண்டியதில்லை, ஆனால் தெரிந்திருந்தால் தைரியம் வரும். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 75 பாலியல் துன்புறுத்தல், 74 மானபங்க நோக்கோடு தாக்குவது, 77 ஒளிந்து பார்ப்பதும் படமெடுப்பதும், 78 பின்தொடர்வது. போனில், இன்ஸ்டாவில் துரத்துவதும் இந்த 78இல் வரும். படத்தை வைத்து மிரட்டினால் தேசிய சைபர் கிரைம் தளத்திலும் புகார் பதியலாம்.

முதலாண்டு மாணவிகள் பலருக்குப் பதினெட்டு நிறைந்திருக்காது. அப்போது போக்சோ சட்டம் வந்துவிடும். விஷயம் தெரிந்த ஆசிரியரும் நிர்வாகமும் போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும், மறைத்தால் அதுவே குற்றம்.

மூன்று மாதம்: இந்தக் கணக்கைத் தவறவிடாதீர்கள்

குழுவிடம் புகார் கொடுக்கச் சம்பவ நாளிலிருந்து மூன்று மாதம். தொடர்ந்து நடந்திருந்தால் கடைசிச் சம்பவத்திலிருந்து மூன்று மாதம். தாமதத்துக்குக் காரணம் சொன்னால் குழு அதை எழுத்தில் பதிந்து இன்னும் மூன்று மாதம் வரை நீட்டலாம். அதற்கு மேல் இல்லை.

2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் இதைக் கண்டிப்பாகச் சொன்னது. பல்கலைக்கழகப் பேராசிரியை ஒருவர் துணைவேந்தர் மீது கொடுத்த புகார் அது. கடைசிச் சம்பவம் 2023 ஏப்ரல், புகார் கொடுத்தது அதே ஆண்டு டிசம்பர். காலம் கடந்தது என்று தள்ளுபடியானது சரியே என்றார்கள். இடையில் ஆகஸ்டில் பொறுப்பிலிருந்து அவரை நீக்கியது தனியான நிர்வாக நடவடிக்கை, தொல்லையின் தொடர்ச்சி அல்ல என்றார்கள். அந்தத் துணைவேந்தரின் தன்விவரக் குறிப்பில் இந்தத் தீர்ப்பைச் சேர்க்க வேண்டும் என்றும் நீதிமன்றம் சொன்னது. ஆனால் புகாருக்கான விசாரணை நடக்கவே இல்லை. எட்டு மாதம் என்பது கேட்க அதிகமாகத் தெரியாது. பரீட்சை, லீவு, வீட்டில் ஒரு கல்யாணம் என்று போய்விடும். காலண்டரில் இன்றே வட்டம் போடுங்கள்.

குழுவின் காலம் முடிந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று எண்ணிவிட வேண்டாம். போலீஸ் கதவுக்குக் கணக்கு வேறு: ஓராண்டு வரை தண்டனை உள்ள குற்றத்துக்கு ஓராண்டு, மூன்றாண்டு வரை தண்டனை உள்ளதற்கு மூன்றாண்டு, அதற்கு மேற்பட்ட குற்றங்களுக்குக் காலவரம்பே இல்லை.

கடிதம்: பெயர் சூட்ட வேண்டாம், நடந்ததைச் சொல்லுங்கள்

வேலந்தாவளத்துப் பெண்ணோடு நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். ஒரு பஸ்ஸை விட்டோம். "கையப் புடிச்சார்" என்றாள். "எந்தக் கை கண்ணு?" என்று கேட்டேன். இடது கையைத் தூக்கி, மணிக்கட்டை வலது கையால் சுற்றிப் பிடித்துக் காட்டினாள். கட்டைவிரல் உள்பக்கம், நாடி துடிக்கும் இடத்தில் அழுந்தியிருந்தது. அவர் எவ்வளவு நேரம் பிடித்திருந்தார் என்று கேட்டேன். அவள் கையை எடுக்காமலே எண்ணினாள். எட்டு வரை. அந்த எட்டும் கடிதத்தில் போயிற்று.

நம் பேச்சில் "தப்பா நடந்துக்கிட்டார்", "அசிங்கமாப் பேசினார்", "ஒரு மாதிரி பார்த்தார்" என்று சொல்லிப் பழகிவிட்டோம். கேட்கிற அம்மாவுக்குப் புரியும். குழுவுக்கு அது ஒரு வெற்றுத்தாள். எல்லையில் இன்னொரு சிக்கலும் சேருகிறது. தமிழில் 'தொல்லை' என்று எழுதியதை யாரோ மலையாளத்தில் 'சல்யம்' என்று சொல்லிவிட்டால் அது வெறும் உபத்திரவமாகச் சுருங்கும். 'பீடனம்' என்று சொல்லிவிட்டால், அங்கே பத்திரிகைகளில் பலாத்காரத்துக்கே அந்தச் சொல் ஓடுகிறது, நீங்கள் சொல்லாததைச் சொன்னதாக ஆகும். அதனால் செயலை எழுதுங்கள். மணிக்கட்டைப் பிடித்தார் என்பதற்கு எந்த மொழியிலும் ஒரே அர்த்தம்தான். கெட்ட வார்த்தை பேசியிருந்தால் அந்த வார்த்தையை அப்படியே எழுத வேண்டும். எழுதக் கூச்சமாக இருந்தால் தனித்தாளில் எழுதி உறையில் வைத்துக் கொடுங்கள்.

ஒரு மாதிரி:

பெறுநர்: தலைமை அலுவலர், உள்ளகப் புகார்க் குழு, (கல்லூரி பெயர்).

பொருள்: பாலியல் துன்புறுத்தல் குறித்த புகார்.

நான் இரண்டாம் ஆண்டு வேதியியல் மாணவி. 2025 நவம்பர் 12, புதன்கிழமை மாலை சுமார் 4.10 மணிக்கு ரெக்கார்டில் கையெழுத்து வாங்க இரண்டாம் மாடி லேப்புக்குப் போனேன். அங்கே (பெயர், பதவி) தனியாக இருந்தார். ரெக்கார்டை நீட்டியபோது என் வலது மணிக்கட்டைப் பிடித்தார். கையை இழுத்தேன், விடவில்லை. "இன்டர்னல் மார்க் என் கையிலதான் இருக்கு, ஞாபகம் வச்சுக்க" என்றார். நான் "விடுங்க சார்" என்று சத்தமாகச் சொன்ன பிறகு விட்டார். வராந்தாவில் என்னைப் பார்த்த வகுப்புத் தோழி (பெயர்) ஏன் அழுகிறாய் என்று கேட்டாள், அவளிடம் அப்போதே சொன்னேன். நவம்பர் 14, வெள்ளி இரவு 10.52க்கு அவர் எண்ணிலிருந்து "சனிக்கிழமை தனியா வா" என்று வாட்ஸாப் வந்தது. படம் இணைத்துள்ளேன்.

கேட்பவை: விசாரணை நடத்தி நடவடிக்கை எடுக்க வேண்டும். விசாரணை முடியும் வரை என் விடைத்தாள், ரெக்கார்டு, இன்டர்னல் மதிப்பெண் எதையும் அவர் மதிப்பிடக் கூடாது. அவர் என்னைத் தொடர்புகொள்ளக் கூடாது. இரண்டாம் மாடி வராந்தாவின் அன்றைய சிசிடிவி பதிவைப் பாதுகாக்க வேண்டும்.

இணைப்பு, சாட்சிகளின் பெயர், தேதி, கையெழுத்து.

இவ்வளவுதான். "அவர் எல்லாப் பொண்ணுங்ககிட்டயும் இப்படித்தான்" என்று கேள்விப்பட்டதைச் சேர்க்காதீர்கள். அந்தப் பெண்கள் முன்வந்தால் தனித்தனியாக எழுதட்டும்.

ஆறு பிரதி எடுக்கச் சொல்கிறது 2013ஆம் ஆண்டு விதி, ஏழாவதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். அதில் "பெற்றுக்கொண்டேன்" என்று தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். தயங்கினால் அங்கேயே நின்றுகொண்டு அதே புகாரை மெயிலில் அனுப்புங்கள், மெயிலுக்கு மணி உண்டு. எழுத முடியாத நிலையில் இருந்தால் எழுத உதவுவது குழுவின் கடமை. உடலாலோ மனத்தாலோ புகார் கொடுக்க இயலாத நிலை என்றால் தோழி, உறவினர், மனநல ஆலோசகர் உங்களுக்காகக் கொடுக்கலாம்.

கொடுத்த பிறகு

ஏழு நாளைக்குள் புகாரின் நகல் எதிர்த்தரப்புக்குப் போகும். அவர் பத்து நாளைக்குள் பதில் தர வேண்டும். விசாரணை தொண்ணூறு நாளைக்குள் முடிய வேண்டும். அறிக்கை அடுத்த பத்து நாளில் நிர்வாகத்துக்கும், நகலாக உங்களுக்கும் வர வேண்டும். நிர்வாகம் முப்பது நாளைக்குள் பரிந்துரையை நிறைவேற்ற வேண்டும். ஒவ்வொன்றையும் காலண்டரில் குறித்து, நாள் தாண்டினால் மறுநாளே இரண்டு வரி மெயில் போடுங்கள்.

அந்த ஏழாம் நாள்தான் எனக்கு எப்போதும் கவலை. புகார் போனதும் எதிர்த்தரப்பிலிருந்து போன் வரும், சீனியர்கள் வருவார்கள், சில சமயம் அவருடைய மனைவியே வருவார். ஆகவே இடைக்கால நிவாரணத்தைப் புகாரோடு சேர்த்தே கேளுங்கள். அவரை வேறு துறைக்கு மாற்றலாம். உங்கள் தேர்வுகளை மதிப்பிடாமல் தடுக்கலாம். மிரட்டல் இருந்தால் வளாகத்துக்குள் வராமல் தடுக்கலாம். உங்களுக்கு மூன்று மாதம் வரை விடுப்பு தரலாம். விடுப்பை மட்டும் யோசித்துக் கேளுங்கள். "நீ கொஞ்ச நாள் வீட்ல இரும்மா" என்று அன்பாகச் சொல்லி, புகார் கொடுத்தவளையே வெளியே நிறுத்திவிட்டு மற்றவரை வகுப்பெடுக்க விட்ட இடத்தை நான் பார்த்திருக்கிறேன். ஆராய்ச்சி மாணவிகளுக்கு இது இன்னும் கடினம், வழிகாட்டி கையில் முழு வாழ்க்கையே இருக்கிறது. அவர் உங்கள் ஆய்வு அறிக்கையை மதிப்பிடக் கூடாது என்று முதல் கடிதத்திலேயே கேளுங்கள்.

ரகசியம் இரு தரப்புக்கும் உண்டு. குழுவில் உள்ள யாரும் உங்கள் பெயரை வெளியே சொல்லக் கூடாது. அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் 2024 டிசம்பர் 23 அன்று நடந்த கொடுமையில், எஃப்.ஐ.ஆர். இணையத்தில் கசிந்தது. சென்னை உயர் நீதிமன்றம் அந்தக் கசிவுக்காகவே மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தரச் சொன்னது. அந்தப் பெண் புகாரில் உறுதியாக நின்றாள். 2025 ஜூன் 2 அன்று குற்றவாளிக்கு முப்பதாண்டுக்குக் குறையாத ஆயுள் தண்டனை வந்தது. நீங்களும் ஸ்டேட்டஸில், குரூப்பில் எழுதாதீர்கள். ஆதங்கம் புரிகிறது. ஆனால் அந்தப் பதிவைக் காட்டியே விசாரணையைத் திசை திருப்புவார்கள்.

விசாரணை அறைக்குள்

மேஜைக்கு அந்தப் பக்கம் ஆறேழு பேர் இருப்பார்கள், பெரும்பாலும் தெரிந்த முகங்கள். வக்கீலை இரு தரப்பும் கூட்டி வர முடியாது. அவரோடு நேருக்கு நேர் உட்கார முடியாது என்றால் முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள், கேள்விகளை எழுத்தில் வாங்கிப் பதில் சொல்ல ஏற்பாடு செய்யலாம். "என்ன டிரஸ் போட்டிருந்தே", "முன்னாடி யாரையாவது லவ் பண்ணியா" என்று யாராவது கேட்டால், "இந்தக் கேள்வியையும் என் ஆட்சேபத்தையும் பதிவு செய்யுங்க மேடம்" என்று சொல்லுங்கள். பதிவாகும் என்று தெரிந்தால் பெரும்பாலும் கேள்வி திரும்பப் போய்விடும்.

பாலக்காட்டுப் பக்கத்துக் கல்லூரிகளில் படிக்கும் நம் பெண்களுக்கு ஒன்று. மலையாளம் பேச வரும், வாசிக்க வராது. வாக்குமூலத்தை மலையாளத்தில் எழுதி நீட்டினால் வாசிக்காமல் கையெழுத்துப் போட வேண்டாம். தமிழில் எழுதித் தருகிறேன் என்று சொல்லுங்கள், அல்லது உங்களுக்கு நம்பிக்கையானவர் வரிவரியாக வாசித்துச் சொல்லட்டும். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து, ஒவ்வொரு பக்கத்துக்கும் நகல்.

"நிரூபிக்க முடியலேன்னா உன் மேலயே கேஸ் வரும்" என்று பயமுறுத்துவார்கள். ஆதாரம் போதவில்லை என்பதற்காக மட்டும் புகார் கொடுத்தவர் மீது நடவடிக்கை எடுக்க முடியாது. சட்டத்திலேயே இப்படி எழுதியிருக்கிறது.

"பேசி முடிச்சுக்கலாம்"

இது எல்லாக் கல்லூரியிலும் வரும். துறைத்தலைவர் கூப்பிடுவார், டீ வரும், "அவருக்கும் பொண்ணு இருக்கு" என்பார்கள். சமரசம் சட்டத்தில் உண்டுதான், ஆனால் அதைக் கேட்க வேண்டியது நீங்கள், குழு மூலமாக. பணம் அதற்கு அடிப்படையாகக் கூடாது. சமரசம் எழுதிக் கையெழுத்தானால் விசாரணை நின்றுவிடும் என்பதையும் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். நிபந்தனையை அவர் மீறினால் மறுபடி குழுவுக்கு எழுதலாம். துறை அறையில் வாய்வார்த்தையாகக் கேட்ட மன்னிப்புக்கு எந்த மதிப்பும் இல்லை.

வீட்டில் சொல்வது

பல பெண்கள் புகார் கொடுக்காததற்குக் காரணம் அந்த ஆசிரியர் அல்ல. "படிச்சது போதும், வீட்டுக்கு வா" என்று அப்பா சொல்லிவிடுவாரோ என்ற பயம். பெற்றோர் இதைப் படித்தால் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன்: பெண் சொன்னதும் முதலில் "நீ ஏன் அங்க போனே" என்று கேட்காதீர்கள். டி.சி. வாங்குவது பற்றி அன்றைக்குப் பேசாதீர்கள். சாப்பிட வையுங்கள், அவள் எழுதியதை வாங்கிப் பத்திரமாக வையுங்கள்.

பெண்களே, அப்பாவிடம் நேராகச் சொல்ல முடியாவிட்டால் ஒரு அத்தையோ சித்தியோ மாமாவோ இருப்பார்கள், வீட்டில் அவர்கள் சொன்னால் எடுபடும். அவர்களிடம் முதலில் சொல்லுங்கள். யாருமே இல்லை என்று தோன்றும் இரவுகளுக்கு 14416 இருக்கிறது, டெலி மானஸ், தமிழிலும் பேசுவார்கள். வக்கீல் வேண்டுமென்றால் 15100. பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு.

உத்தரவு வந்த பின்

குற்றம் நிரூபணமானால் ஊழியருக்குப் பணி விதிப்படி தண்டனை. மாணவர் என்றால் நூலகம், விடுதி, உதவித்தொகை ஆகியவற்றை நிறுத்துவதிலிருந்து பெயரை நீக்குவது வரை. உங்களுக்கு உத்தரவு சரியாகப் படவில்லை என்றால் மேல்முறையீட்டுக்குப் பரிந்துரை தேதியிலிருந்து முப்பது நாள், அதே முப்பது நாள் அவருக்கும் உண்டு. குழுவே அமைக்காமல், அல்லது அமைத்தும் அசையாமல் இருந்தால் பல்கலைக்கழக மானியக் குழுவின் குறைதீர்ப்புத் தளம், மாநில மகளிர் ஆணையம், கடைசியாக உயர் நீதிமன்றத்தில் ரிட். 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம், இந்தச் சட்டம் வந்து பத்தாண்டாகியும் குழுக்களே ஒழுங்காக இல்லை என்று வருந்தி நாடு முழுவதற்கும் உத்தரவிட்டது. அந்த வழக்கே ஒரு பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. உங்கள் கடிதத்தில் அதைக் குறிப்பிடுங்கள்.

முப்பது நாள் முடியும் வரை ஒரு தாளையும் தூக்கிப் போடாதீர்கள். வேலந்தாவளத்துப் பெண்ணின் கோப்பு என் அலமாரியில்தான் இருந்தது, அவள் வீட்டில் வைக்கப் பயந்ததால். மேலே அந்த ஒற்றை வரித் தாள், அதன் கீழே இரண்டு பக்கக் கடிதம், அதன் கீழே உத்தரவு. முப்பத்தோராம் நாள் காலையில் போன் வந்தது. "அப்பீல் ஒண்ணும் வரலைக்கா. மேடம் சொன்னாங்க." கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "நாளைக்கு எனக்கு லேப் இருக்கு. கோப்ப சனிக்கிழம வந்து வாங்கிக்கறேன்" என்றாள்.